சத்து மாத்திரை: எவ்வளவு என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோய் எதிர்ப்பு சக்தி பற்றி நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. எதைச் சாப்பிட வேண்டும் என்பது அவற்றில் இருக்கிறது. எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. 'வைட்டமின் சி நல்லது, துத்தநாகம் நல்லது' என்று படித்துவிட்டு வாசகர் நேரே மருந்துக் கடைக்குப் போகிறார்; அங்கே பெரிய எண் அச்சிட்ட டப்பாவை எடுத்துக்கொள்கிறார். ஊட்டச்சத்துத் துறையிலும் பொது மருத்துவத்திலும் பணிபுரியும் எங்களுக்கு, விட்டுப்போகும் அந்த அளவுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அவற்றையே இங்கு எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சல், மூக்கு ஒழுகல், தொண்டை வீக்கம் ஆகியவற்றில் பெரும்பங்கு கிருமியின் வேலை கிடையாது. கிருமியை விரட்ட உடல் செய்யும் வேலை. தீங்கற்ற மகரந்தத்தைக் கண்டு அந்த வேலை தொடங்கினால் அதற்கு அலர்ஜி என்று பெயர். சொந்த மூட்டையே அந்நியமாக எண்ணித் தாக்கினால் முடக்குவாதம். இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கினால் முதல் வகை சர்க்கரை நோய். ஆகவே எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது எப்படி என்று கேட்பதைவிட, நம் உணவிலும் பழக்கத்திலும் எது குறைகிறது என்று கேட்பதுதான் பயன்தரும். குறையை நிரப்பினால் பலன் நிச்சயம் உண்டு. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் வழிந்து ஓடும், அவ்வளவுதான். சில சத்துகள் வழிந்து ஓடாமல் உள்ளேயே தங்கித் தொல்லை தரும்.

குறை இருக்கிறதா என்பதிலேயே பெற்றோர் பலர் தடுமாறுகிறார்கள். சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. பெரியவர்களுக்கு இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு சளியும் ஏழு முதல் பத்து நாள் இருக்கும். இருமல் அதற்கு மேலும் ஓரிரு வாரம் இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நல்ல ஆரோக்கியமான குழந்தைகூட ஆண்டில் ஒன்றரை முதல் இரண்டரை மாதம் வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். அதற்காக டானிக் தேட வேண்டியதில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதும் ஆன்டிபயாடிக் தேவை என்பதற்கு அடையாளம் அன்று. அங்கே திரண்ட வெள்ளை அணுக்களின் நொதிதான் அந்த நிறத்தைத் தருகிறது.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, நான்கு அல்லது அதற்கு மேல் காதுத் தொற்று, திரும்பத் திரும்ப வரும் ஆழமான சீழ்க்கட்டி, ஒரு வயதைத் தாண்டிய பிறகும் வாயில் நீங்காத வெண்படலம், இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலனின்மை, எடையும் உயரமும் கூடாமை. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் போய் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களின் அளவைப் பார்க்க வேண்டும். பெரியவர்களில் காரணம் தெரியாமல் தொற்று தொடர்ந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்லும் வேலையில் சுணங்கிவிடும். அதை எந்த வைட்டமினும் ஈடுசெய்யாது.

இனி உணவு. கட்டுரைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது புரதம். கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி புரதத்தால் ஆனது; வெள்ளை அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் சைட்டோகைன்களும் புரதமே. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது வளர்ந்தவரின் அன்றாடத் தேவை. 60 கிலோ எடை என்றால் ஏறக்குறைய 50 கிராம். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதுமை மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் வயது ஏற ஏற பல்லும் பசியும் போய், உண்மையில் உள்ளே போவது குறைந்துகொண்டேதான் வருகிறது. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம், கெட்டியாக வேகவைத்த பருப்பு அல்லது பயறு ஒரு கப்பில் 15 கிராமுக்கு மேல், 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம். தானியத்திலிருந்தும் ஓரளவு கிடைக்கும்.

இங்கே நடக்கும் தவறு இரண்டு. காய்ச்சலில் படுத்தவருக்கு நாள் கணக்கில் வெறும் கஞ்சித் தெளிவும் வடிகட்டிய சூப்பும் மட்டும் கொடுப்பது ஒன்று. நீர்ச்சத்துக்கு அது சரி. புரதம் அதில் மிகச் சொற்பம். காய்ச்சலின்போது உடல் தன் தசையையே உடைத்துப் புரதம் எடுத்துக்கொள்கிறது. வாய்க்குப் பிடித்த நிமிடத்திலிருந்து முட்டை, தயிர், குழைந்த பருப்பு என்று சிறிது சிறிதாகத் தொடங்கிவிட வேண்டும். இன்னொன்று, நாள் முழுவதற்குமான புரதத்தை இரவு உணவில் குவிப்பது. மூன்று வேளைக்கும் பங்கிட்டால் முதியவர்களின் தசைக்கு நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

காய்கறியும் பழமும் சேர்ந்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கிழங்கு இதில் சேராது. 80 கிராம் வீதம் ஐந்து பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நார்ச்சத்து 25 கிராமாவது வேண்டும். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுவே எரிபொருள். அந்தச் சுவருக்கு அடுத்தாற்போல்தான் உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடியிருக்கிறது. பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடும், சர்க்கரை மட்டும் டம்ளரில் தங்கும். நார் குறைவாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் ஒரே நாளில் 25 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும், 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்ட வேண்டும். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும்.

சமைக்கும் விதமும் சத்தைக் கூட்டிக் குறைக்கும். வைட்டமின் சி நீரில் கரையும், சூட்டில் அழியும். காயை நறுக்கியபின் தண்ணீரில் ஊறப்போட்டு, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அதில் பாதிக்கு மேல்கூடப் போய்விடலாம். கழுவியபின் நறுக்குங்கள், சிறிது நீரில் மூடி வேகவையுங்கள், அல்லது ஆவியில் வேகவையுங்கள். கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் இதற்கு நேர்மாறு: நறுக்கி, வேகவைத்து, சிறிது எண்ணெய் சேர்த்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். பயறு, கொண்டைக்கடலை, முழுத்தானியம் ஆகியவற்றில் உள்ள பைட்டேட், துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் மூன்றும் அந்தப் பிடியைத் தளர்த்தும். முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடுவது கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கும் ஆகாது. முளைவிடும் ஈரமும் வெதுவெதுப்பும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கும் பிடித்த சூழல். வேகவைத்துச் சாப்பிட்டால் போதும்.

மாத்திரைகளுக்கு வருவோம். கீழே தரும் அளவுகள் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கானவை. அமெரிக்க தேசிய அகாடமிகளின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் வகுத்தவை. நாட்டுக்கு நாடு மாறும்.

வைட்டமின் சி ஆண்களுக்கு 90 மில்லிகிராம், பெண்களுக்கு 75. புகைபிடிப்பவர்களுக்கு மேலும் 35. ஒரு நடுத்தர ஆரஞ்சில் 70 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200-ஐத் தாண்டும். வெள்ளை அணுக்கள் இந்த வைட்டமினை ரத்தத்தில் இருப்பதைப்போல் 50 முதல் 100 மடங்கு வரை தமக்குள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. நாளுக்கு 100 மில்லிகிராம் போனாலே அவை நிரம்பிவிடும். 400 மில்லிகிராமுக்கு மேல் ரத்தத்திலும் ஏறக்குறைய அளவு கூடுவதில்லை. ஒரே நேரத்தில் 1000 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் குடல் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சும். மிச்சம் வயிற்றுப்போக்காகவும், உறிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீராகவும் வெளியேறும். உச்சவரம்பு 2000 மில்லிகிராம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் 1000 மில்லிகிராம் மாத்திரையைத் தொடவே வேண்டாம்: இந்த வைட்டமின் உடைந்து ஆக்சலேட் ஆகிறது, கல் அதனால் வளரலாம். சப்பிச் சாப்பிடும் வகை நாள்தோறும் பல்லில் பட்டால் அதன் அமிலம் எனாமலை அரிக்கும்.

சளிக்கு இது மருந்தா என்ற கேள்விக்கும் விடை கிடைத்து வெகுகாலம் ஆகிறது. தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் எடுத்துக்கொண்ட சோதனைகளை எல்லாம் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பில், பொதுமக்களுக்குச் சளி பிடிக்கும் எண்ணிக்கை குறையவில்லை. சளி நீடிக்கும் காலம் பெரியவர்களுக்கு 8 விழுக்காடும் குழந்தைகளுக்கு 14 விழுக்காடும் குறைந்தது. பத்து நாள் சளியில் பெரியவருக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. சளி தொடங்கியபின் விழுங்கியவர்களுக்கு நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் வீரர்கள் போன்றோருக்கு மட்டும் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. 1970-ல் இந்த வைட்டமினைப் பெரிய அளவில் உண்ணச் சொல்லிப் பிரபலமாக்கியவர் இரண்டு நோபல் பரிசு பெற்ற அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங். பெரிய மேதையின் வாக்கு என்பதால் அது அரை நூற்றாண்டு கடந்தும் மருந்துக் கடை அலமாரியில் உயிரோடு இருக்கிறது.

வைட்டமின் டி 70 வயது வரை 600 யூனிட், அதற்கு மேல் 800 யூனிட், உச்சவரம்பு 4000. சில அட்டைகளில் மைக்ரோகிராமில் போட்டிருப்பார்கள்: 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். உணவிலிருந்து கிடைப்பது குறைவு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய 40 யூனிட். கொழுப்பு மிகுந்த மீனிலும், செறிவூட்டிய பாலிலும் கூடுதலாக இருக்கும். வெயிலைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. இந்த வைட்டமினை உண்டாக்குவது புற ஊதா பி கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும் விடியற்காலையில் அது மிகக் குறைவாகவே தரைக்கு வருகிறது; கண்ணாடி ஜன்னல் அதைத் தடுத்துவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. அந்த நேரத்தில் கையும் காலும் முகமும் படச் சிறிது நேரம் போதும். தோல் சிவக்கும் வரையோ எரியும் வரையோ நிற்கக் கூடாது. கருத்த தோலுக்கு அதிக நேரம் ஆகும்.

மாத்திரையாக எடுத்தால் கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினால் உறிஞ்சுவது குறையும். ரத்தச் சோதனையில் மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழ் பற்றாக்குறை. 20 இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். சுவாசத் தொற்றைத் தடுப்பதில் இதன் பங்கு பற்றி 2017-ல் வந்த தொகுப்பாய்வு, கடும் பற்றாக்குறை உள்ளவர்கள் தினமோ வாரமோ சிறு அளவில் எடுத்தபோது பலன் இருந்தது என்றும், மொத்தமாக ஒரே பெரிய அளவாகக் கொடுத்தபோது பலன் இல்லை என்றும் சொன்னது. பிறகு வந்த பெரிய சோதனைகளையும் சேர்த்தபோது அந்தப் பலனும் சுருங்கிவிட்டது. ஆபத்து எங்கே என்றால், வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தந்த 60,000 யூனிட் மருந்தைத் தினமும் ஒன்றாகச் சாப்பிடுவதிலும், எட்டு வாரம் என்று சொன்னதை ஆண்டுக்கணக்கில் தொடர்வதிலும். இது கொழுப்பில் தங்கும் வைட்டமின். ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், பிறகு சிறுநீரகப் பாதிப்பு என்று போகும். நிறுத்திய பிறகும் இறங்கப் பல வாரம் பிடிக்கும்.

துத்தநாகத்தில்தான் தவறு மிகச் சுலபமாக நடக்கிறது. தேவை ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 8 மில்லிகிராம், உச்சவரம்பு 40. அட்டையில் இருப்பது உப்பின் எடையா, துத்தநாகத்தின் எடையா என்று பாருங்கள். 220 மில்லிகிராம் ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டில் துத்தநாகம் 50 மில்லிகிராம். 50 மில்லிகிராம் ஜிங்க் குளுக்கோனேட்டில் 7 மில்லிகிராம்தான். ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் கணக்கு தலைகீழாகிவிடும். 40-ஐத் தாண்டி மாதக்கணக்கில் போனால் குடலில் செம்பு உறிஞ்சப்படுவது தடைபடும். செம்பு குறைந்தால் எலும்பு மஜ்ஜை தளர்ந்து, ரத்தசோகை வரும், வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையே இறங்கும்; கால் மரத்துப்போய் நடையும் தள்ளாடும். எதிர்ப்பு சக்திக்காக விழுங்கியதே எதிர்ப்பு அணுக்களைக் குறைப்பது என்ன கொடுமை! வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால் உணவோடு எடுக்கச் சொல்வதுண்டு. மூக்கில் பூசும் துத்தநாக ஜெல் வேண்டவே வேண்டாம். வாசனை உணர்வு போய்விட்டதாகப் புகார்கள் வந்ததால் 2009-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மறுபக்கம், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாள் தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வந்த சிகிச்சை. மருந்து ஒன்றேதான், யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில் இருக்கிறது எல்லாம்.

இரும்பு குறைந்தால் எதிர்ப்பு அணுக்கள் பெருகுவது தடைபடும் என்பது உண்மை. ஆனால் பாக்டீரியாவுக்கும் வளர இரும்பு வேண்டும். அதனால்தான் தொற்று வந்தவுடன் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலிலிருந்து இரும்பு ஏறுவதை அடைத்துவிடுகிறது. காய்ச்சல் நாட்களில் இரும்பு மாத்திரையைத் தொடர்வதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்; உறிஞ்சப்படுவதும் அப்போது குறைவு. அந்த நாட்களில் எடுக்கும் ரத்தச் சோதனையும் ஏமாற்றும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தொற்றின்போது தானாக ஏறும். குறை இருந்தும் 'இயல்பு' என்று அறிக்கை வரும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் குறை. தொற்றோ வீக்கமோ இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழ் இருந்தாலே குறை என்று கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடவே உடலில் வீக்கம் இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையும் செய்தால் தெளிவு கிடைக்கும். ரத்தத்தில் துத்தநாகமும் வைட்டமின் டியும் காய்ச்சலின்போது இறங்கிக் காட்டும். அவசரமில்லை என்றால் குணமாகி இரண்டு மூன்று வாரம் கழித்துச் சோதியுங்கள். இரும்பு மாத்திரை விழுங்கும்போது தேநீர், காபி, பால் மூன்றும் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கட்டும். எலுமிச்சையோ ஆரஞ்சோ கூட இருக்கட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைட்டமின் ஏ மூக்கு முதல் குடல் வரை உள்ள சவ்வுகளைக் காக்கிறது; ஆனால் ரெட்டினால் வடிவில் 3000 மைக்ரோகிராமுக்கு மேல் கர்ப்பிணிக்கு ஆபத்து, கருவுக்குப் பிறவிக் குறை வரலாம். புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுக்கக் கூடாது. 1990-களில் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. கேரட்டுக்கு இந்தத் தடை கிடையாது. செலீனியம் 55 மைக்ரோகிராம் போதும். 400-ஐத் தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும். பி6 அளவுமீறி நெடுநாள் போனால் கைகால் நரம்பு கெடும். பி12 முழுச் சைவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் குறையக்கூடியது. அவர்களுக்கு மாத்திரை வீண் அன்று.

இந்த உச்சவரம்புகள் எல்லாப் புட்டிகளுக்கும் சேர்த்துத்தான். உதாரணத்துக்கு, மல்டிவைட்டமினில் துத்தநாகம் 10, 'இம்யூனிட்டி' மாத்திரையில் 22, புரத மாவில் 15 என்றால், தனித்தனியே எதுவும் வரம்பை மீறவில்லை, கூட்டினால் 47. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும் மேசையில் வைத்து, ஒரு தாளில் சத்தின் பெயர் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். 'ஒரு பரிமாறல்' என்பது ஒரு மாத்திரையா, இரண்டா என்பதையும் கவனியுங்கள். கால்மணி நேர வேலை. மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தோடு மோதுபவையும் உண்டு. துத்தநாகம், இரும்பு, கால்சியம் மூன்றும் டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவிடாது. ஆன்டிபயாடிக்கை இரண்டு மணி நேரம் முன்பாகவோ, ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. முடிக்காக எடுக்கும் பயோட்டின், தைராய்டு சோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் சோதனையையும் பொய்யாகக் காட்டவைக்கும். சோதனைக்கு முன் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் ஆகியவற்றால் கல்லீரல் வீங்கியவர்கள் உண்டு. சமையலில் சேரும் அளவு வேறு, கேப்சூலில் திணிக்கும் அளவு வேறு. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களும், முடக்குவாதத்துக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் 'எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்' எந்தப் பொருளையும் தாமாக எடுக்கக் கூடாது. அந்த மருந்தின் வேலையே எதிர்ப்பை அடக்குவதுதானே.

டப்பாவில் அடைக்க முடியாத ஒன்று தூக்கம். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கையில் கருவி கட்டி அளந்தார்கள். பிறகு மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுத் தனிமையில் வைத்துக் கவனித்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. எந்த வைட்டமின் மாத்திரையும் இந்த அளவுக்கு வேறுபாடு காட்டியதில்லை. 2002-ல் வெளியான மற்றோர் ஆய்வில், சில இரவுகள் நான்கு மணி நேரமே தூங்கவிடப்பட்டவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்ட பத்தாம் நாளில் ஆன்டிபாடி மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தது. தூங்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்வது சுலபம், அதிலிருந்து தொடங்குங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம், அதில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். இரவு ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் எளிதன்று என்பது தெரியும். அவர்கள் பகல் தூக்க அறையையாவது நன்றாக இருட்டாக்கிக்கொள்ள வேண்டும்.

உடற்பயிற்சி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், பேசலாம் ஆனால் பாட முடியாத வேகத்தில். தசைக்கான பயிற்சி வாரம் இரண்டு நாள். காய்ச்சல் இருக்கும்போது கடும் பயிற்சி கூடாது. வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருந்தால் ஆபத்து. புகை மூச்சுக்குழாயின் நுண்மயிர்களை முடக்குகிறது, சளியும் கிருமியும் வெளியேறாமல் தேங்குகின்றன. மது குடித்துவிட்டு, அதை ஈடுகட்ட வைட்டமின் விழுங்குவோருக்கு எங்களிடம் ஆறுதல் வார்த்தை இல்லை.

ஒரு குறிப்பிட்ட கிருமிக்கு எதிராக எதிர்ப்பு சக்தியை உண்மையிலேயே உயர்த்தும் பொருள் ஒன்று உண்டு, அது தடுப்பூசி. எதிர்ப்பு சக்தி பற்றிய கட்டுரைகளில் அதன் பெயர் வராமல் போவது எங்களுக்கு வியப்பு. ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் ஊசி. டெட்டனஸ் பத்தாண்டுக்கு ஒரு முறை. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி முதியவர்களுக்கும் நுரையீரல், இதய, சர்க்கரை நோயாளிகளுக்கும். தட்டம்மை ஊசியின் பயன் தட்டம்மையோடு நிற்பதில்லை. ஊசி போடாத குழந்தைகளைத் தட்டம்மை தாக்கியபோது, அதுவரை மற்ற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோனதை 2019-ல் வந்த ஆய்வு காட்டியது. பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்; சீம்பாலில் குடலைக் காக்கும் ஆன்டிபாடி செறிந்திருக்கிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, அதில் பாட்டுலிசம் என்ற, நரம்பை முடக்கும் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம்.

கை கழுவுவது சோப்போடு 20 நொடி. விரலிடுக்கும் கட்டைவிரலும் நகக்கண்ணும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள். சானிடைசரில் ஆல்கஹால் 60 விழுக்காடாவது இருக்க வேண்டும். வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது, அங்கே சோப்பும் தண்ணீருமே துணை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சத்து மாத்திரை பற்றிய எந்தக் கட்டுரையிலும் சிறு பெட்டிச் செய்தி ஒன்றைச் சேருங்கள்: அன்றாடத் தேவை, உச்சவரம்பு, எத்தனை நாள், யார் எடுக்கக் கூடாது. இடம் இல்லை என்றால் பழங்களின் வண்ணப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம். மாத்திரை விளம்பரம் வரும் அதே பக்கத்தில் அந்த மாத்திரையைப் புகழும் கட்டுரை வருவதையும் தவிர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஊட்டச்சத்துத் துறையிலும் பொது மருத்துவத்திலும் பணிபுரியும் வாசகர்கள்